பம்பில் ஓடும் ஹெப்பாரினா, வயிற்றில் போடும் ஊசியா? வார்டு பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

மருந்து டிரேயில் இரண்டு குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுமே 5 மி.லி. இரண்டுமே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின். இரண்டு லேபிளிலும் 5000 என்ற எண் இருக்கிறது. ஒன்றில் அது குப்பி முழுவதற்குமான கணக்கு, அதாவது மி.லி.க்கு 1000 யூனிட். இன்னொன்றில் ஒரு மி.லி.க்கே 5000 யூனிட், குப்பி முழுக்க 25,000.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் காலில் ரத்தக் கட்டி. முதல் டோஸ் 4800 யூனிட் போட வேண்டும். முதல் குப்பி என்றால் 4.8 மி.லி., கிட்டத்தட்ட முழுசாக இழுக்க வேண்டும். இரண்டாவது என்றால் ஒரு மி.லி.கூட இல்லை. முதல் குப்பியிலேயே பழகிய கை, இரண்டாவது குப்பியிலிருந்து 4.8 மி.லி. இழுத்தால் நோயாளிக்கு 24,000 யூனிட் போய்விடும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்த ஊசி நோயாளியின் கட்டில் வரைக்கும் போனது. இரண்டாவது ஆளாகச் சரிபார்க்க வந்த சிஸ்டர், "எந்தக் குப்பி, காட்டு" என்று கேட்டதால் தப்பித்தோம். காலிக் குப்பியைக் குப்பையில் போடாமல் டிரேயிலேயே வைத்திருந்ததுதான் அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவருக்குக் காலையும் மாலையும் வயித்துல ஊசிதான் போடறோம். இவருக்கு மட்டும் ஏன் பம்பு, ஆறு மணிக்கொரு தரம் ரத்தம்?" நல்ல கேள்வி. எந்த மருந்து என்று முடிவெடுப்பது டாக்டர். ஆனால் அந்த முடிவு ராத்திரி இரண்டு மணிக்கு நம் வார்டில் நடக்குமா, நடக்காதா என்பது டாக்டரைவிட நமக்குத்தான் தெரியும். அந்தப் பக்கமிருந்து பார்த்து எழுதுகிறேன்.

முதலில், இரண்டுக்கும் உறவு என்ன? ஹெப்பாரினை 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் கண்டார். ஆராய்ச்சியில் கல்லீரல் திசுவும் இருந்ததால், கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இப்போது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். அந்த ஹெப்பாரினின் நீண்ட சங்கிலியைச் சின்னத் துண்டுகளாக உடைத்தால் கிடைப்பது ஈனாக்ஸாபரின். வார்டில் பாதிப் பேருக்கு அது க்ளெக்சேன் என்றால்தான் தெரியும். நீளச் சங்கிலி உடம்பில் போய்ப் பல புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேலை செய்யும் அளவு மாறும். அதனால்தான் அளந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. குட்டைச் சங்கிலி அவ்வளவாக ஒட்டாது. எடைக்கு இவ்வளவு என்று போட்டால் பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே வேலை செய்யும். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து வருகிறவைதான்.

ஒரே நோயாளி, இரண்டு வழி

அதே 60 கிலோ ஆளையே எடுத்துக்கொள்வோம். ஈனாக்ஸாபரின் என்றால் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணிக்கொரு முறை. 60 மி.கி. நிரப்பிய சிரிஞ்சே கிடைக்கிறது. உறையைப் பிரித்து, தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, சதையை மடித்துப் பிடித்து, நேராகக் குத்தி மெதுவாகத் தள்ள வேண்டும். ஊசியை எடுத்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். தேய்க்கக் கூடாது. சிரிஞ்சில் தெரியும் காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றுவது நம் கைப்பழக்கம். முழு சிரிஞ்சும் போடும்போது இதில் அது வேண்டாம். குமிழை வெளியேற்றப் போய் மருந்தும் இரண்டு சொட்டுப் போய்விடும். வேலை ஐந்து நிமிடம்.

பம்ப் என்றால் கதை வேறு. கட்டிக்கு வழக்கமான தொடக்கம் கிலோவுக்கு 80 யூனிட் ஒரே தடவையாக, அப்புறம் மணிக்கு கிலோவுக்கு 18 யூனிட். நம் ஆளுக்கு 4800, பிறகு மணிக்கு 1080. நெஞ்சு வலி, மாரடைப்பு என்று வந்தவருக்கு இதே மருந்துதான், ஆனால் கிலோவுக்கு 60, பிறகு 12. அதிலும் 4000-க்கு மேல் போகக் கூடாது, மணிக்கு 1000-க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வேறு. ஒரே எடை, ஒரே மருந்து, நோயைப் பொறுத்து அளவு மாறுகிறது. "ஹெப்பாரின் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று போனில் மட்டும் ஒரு ஆர்டர் வந்தால், எதற்காக, எந்தக் கணக்கில் என்று கேட்காமல் வைக்காதீர்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அடுத்தது கலவை. 25,000 யூனிட்டை என்.எஸ்.ஸோடு, அதாவது சாதாரண உப்புக் கரைசலோடு, சேர்த்து 50 மி.லி. ஆக்கினால், மி.லி.க்கு 500 யூனிட். 1080 யூனிட்டுக்கு பம்பில் 2.2 என்று வைக்க வேண்டும். வேறு சில இடங்களில் 10,000 யூனிட்டை 50 மி.லி. ஆக்குவார்கள். அப்போது மி.லி.க்கு 200, பம்பில் 5.4. இரண்டுமே சரியான முறைகள்தான். ஒரே மருத்துவமனையில் இரண்டும் இருந்தால்தான் ஆபத்து. 5.4 என்று எழுதிய சார்ட்டோடு வந்த நோயாளிக்கு நம் பக்கத்துக் கலவையை மாட்டினால் மணிக்கு 2700 யூனிட், தேவைக்கு இரண்டரை மடங்கு. சிரிஞ்சில் ஒட்டும் லேபிளில் மருந்தின் பெயரை மட்டும் எழுதுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மொத்த யூனிட், மொத்த மி.லி., மி.லி.க்கு எத்தனை யூனிட், கலந்த நேரம், கலந்தவர், சரிபார்த்தவர் இத்தனையும் இருக்க வேண்டும். சரிபார்ப்பவர் பக்கத்தில் நின்று "சரி சரி" என்று தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. கணக்கைத் தனியாகப் போட்டுவிட்டு, அப்புறம் விடையை ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு பாடும் படுவதற்கு என்ன லாபம்? நிறுத்தினால் நிற்கும். ஹெப்பாரின் பாதி குறைய சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் போதும். சில மணி நேரத்தில் ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டு அறுவைக்கு அனுப்பலாம். முழு அளவு ஈனாக்ஸாபரின் போட்டவரை, அவசரம் இல்லையென்றால், 24 மணி நேரம் காத்திருந்துதான் அனுப்புவார்கள்.

முறிவு மருந்திலும் இதே வித்தியாசம். ஹெப்பாரினுக்குப் புரோட்டமின் முழுசாகப் பதில் சொல்லும். கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓடிய ஹெப்பாரினைக் கணக்கிட்டு 100 யூனிட்டுக்கு 1 மி.கி., ஒரு தடவையில் 50 மி.கி.க்கு மேல் வேண்டாம். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் பிரஷர் சரியும். மீன் ஒவ்வாமை உள்ளவர்களையும், என்.பி.ஹெச். இன்சுலின் போட்டுவந்தவர்களையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஈனாக்ஸாபரினுக்கும் அதே புரோட்டமின்தான், ஆனால் பாதிக்குச் சற்று மேல்தான் கேட்கும்.

யாருக்கு எது

பிரஷர் நிலையாக இருக்கிறது, சிறுநீரகம் சரி, நாளைக்கு அறுவை இல்லை என்றால் ஈனாக்ஸாபரின்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காலில் கட்டி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தான். அவர்களை ஐ.சி.யு.வில் பம்போடு கட்டிப்போடுவது நோயாளிக்கும் கஷ்டம், செலவும் அதிகம்.

நுரையீரலில் பெரிய ரத்தக் கட்டி அடைத்து பிரஷர் விழுந்தவருக்கு பம்ப்தான். கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பார்களா, அறுவைக்குப் போவார்களா என்று அடுத்த மணி நேரம் தெரியாத நிலையில், நிறுத்தினால் நிற்கிற மருந்து வேண்டும். இன்றைக்கோ நாளைக்கோ அறுவை உள்ளவர், ரத்தக் கசிவு வருமோ என்ற பயம் உள்ளவர், இவர்களுக்கும் அதே காரணம்.

சிறுநீரகக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 78 வயது ஆச்சி, 40 கிலோ, கிரியாட்டினின் 1.4. ரிப்போர்ட்டைப் பார்த்தால் 'கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்' என்று தோன்றும். வயது, எடை, பெண் என்பதை எல்லாம் சேர்த்து காக்ராஃப்ட் - கால்ட் சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 21 மி.லி.தான் வருகிறது. 30-க்குக் கீழே போனால் ஈனாக்ஸாபரின் உடம்பில் தேங்கும். அளவை ஒரு நாளைக்கு ஒரு முறை என்று குறைப்பார்கள், அல்லது பம்புக்குப் போவார்கள். ஹெப்பாரின் வெளியேறுவது சிறுநீரகத்தைப் பெரிதாக நம்பி இல்லை. ஒல்லியான முதியவர்களுக்கு இந்தக் கணக்கை நீங்களே போட்டு, ரவுண்ட்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டார், ஆனால் டோஸை மாற்றினார்.

எடை விஷயம் இன்னும் வேடிக்கை. இரண்டு மருந்தும் எடையை நம்பியிருக்கின்றன. நம்மிடம் இருப்பதோ "ஒரு அறுபது இருப்பாரும்மா" என்று மகன் சொன்ன எடை. படுக்கையோடு எடை பார்க்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. பம்பில் எடை பத்து கிலோ தப்பினாலும் ஆறு மணி நேரத்தில் பரிசோதனை காட்டிக் கொடுத்துவிடும். ஊசியில் தப்பினால் யாரும் அளந்து பார்ப்பதில்லை, அடுத்த ஊசியும் அதே தப்போடுதான் போகும். அதனால் ஊசிதான் சுலபமாச்சே என்று எடை பார்க்காமல் விடுவது தலைகீழ் நியாயம். ஊசிக்குத்தான் எடை இன்னும் துல்லியமாக வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பிரசவ நேரம் நெருங்கினால், நிறுத்தினால் நிற்கும் குணத்துக்காகச் சிலரை ஹெப்பாரினுக்கு மாற்றுவார்கள். முதுகில் மயக்க ஊசி போட நேரலாம் என்பதும் ஒரு காரணம்.

பன்றியிலிருந்து எடுப்பது என்று சொன்னேனே, அதைப் பற்றிச் சில குடும்பங்கள் கேட்பதுண்டு. மழுப்ப வேண்டாம், இரண்டும் பொதுவாக அங்கிருந்துதான் வருகின்றன என்று சொல்லலாம். ஆய்வகத்திலேயே தயாராகும் ஃபோண்டாபரினக்ஸ் ஒன்று இருக்கிறது. தினம் ஒரே ஊசி. ஆனால் பாதி குறையவே 17 முதல் 21 மணி நேரம் ஆகும், புரோட்டமினுக்கும் கேட்காது, சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகாது. டாக்டரிடம் சொன்னால் அவர் பேசி முடிவு செய்வார்.

எதை வைத்து அளப்பது

பம்ப் என்று முடிவானால் அடுத்த கேள்வி ஏ.பி.டி.டி.யா, ஆன்டி டென் ஏ-யா என்பது. ஏ.பி.டி.டி. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறது. மலிவு, பல லேப்களில் உண்டு. ஆனால் அது ஹெப்பாரினை மட்டும் அளக்கவில்லை. கல்லீரல் கெட்டிருந்தால் கூடும். லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் என்ற எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே கூடுதலாக நிற்கும். கடுமையான அழற்சியில், ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி ஏறிவிட்டால், எவ்வளவு ஹெப்பாரின் ஏற்றினாலும் விநாடி ஏறாது. நாம் பம்பை ஏற்றிக்கொண்டே போவோம். அதைவிட, ஒவ்வொரு லேபிலும் உபயோகிக்கும் ரீஏஜென்ட் வேறு. ஒரு லேபில் 60 விநாடி என்பது இன்னொரு லேபின் 60 ஆகாது.

ஆன்டி டென் ஏ நேராக மருந்தின் வேலையை அளக்கிறது. ஓடும் ஹெப்பாரினுக்கு மி.லி.க்கு 0.3 முதல் 0.7 யூனிட் என்பது இலக்கு. இதற்கும் கண்மறைவு உண்டு. நோயாளி வீட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தால் எண் பொய்யாக ஏறும். மஞ்சள் காமாலை, ரத்தத்தில் அதிகக் கொழுப்பு, உடைந்த சிவப்பணு இவற்றில் பொய்யாக இறங்கும். நம் ஊரில் இது பெரிய லேப்களில்தான் கிடைக்கிறது, காசும் கூடுதல். என் அபிப்பிராயம்: ராத்திரியிலும் ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வருமென்றால் ஆன்டி டென் ஏ நல்லது. காலை வண்டியில் வெளி லேபுக்குப் போகுமென்றால், வாசலில் இருக்கும் ஏ.பி.டி.டி.யே மேல். ஈனாக்ஸாபரினுக்கு வழக்கமாக அளவு பார்ப்பதில்லை. பார்க்க நேர்ந்தால் ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து ஆன்டி டென் ஏ எடுக்க வேண்டும். அதற்கு ஏ.பி.டி.டி. எடுத்து "நார்மல்தான்" என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை.

கேத் லேபிலும் இதய அறுவையிலும் ஏ.சி.டி. பார்ப்பார்கள். மிக அதிக அளவு ஹெப்பாரினுக்கான சோதனை அது. வார்டு பம்புக்கு வேண்டாம்.

எந்தச் சோதனையாக இருந்தாலும் ரத்தம் எடுக்கும் கை நம்முடையது. ஒரு பெரியவருக்கு விடிகாலை நான்கு மணி ரிப்போர்ட்டில் ஏ.பி.டி.டி. 180-க்கு மேல் என்று வந்தது. பயந்துபோன சின்ன சிஸ்டர் பம்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நிறுத்தியது சரிதான். ஆளைப் பார்த்தேன், ஈறில் ரத்தம் இல்லை, மூத்திரப் பை தெளிவாக இருந்தது, தலைவலி இல்லை. "எந்தக் கையில எடுத்தே?" என்றேன். "இடது கை நரம்பு நல்லா இருந்துச்சு அக்கா." ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருந்ததும் இடது கைதான். வலது கையில் மறுபடி எடுத்தோம், 58 வந்தது. டியூட்டி டாக்டர் பழைய வேகத்திலேயே மறுபடி ஓட்டச் சொன்னார். 

எதிர்க் கையில் எடுக்க வேண்டும், சென்ட்ரல் லைனில் எடுக்கவே கூடாது என்றில்லை ஆனால் ஹெப்பாரின் ஓடும் லைனில் கூடாது. நீல மூடி டியூபில் கோடு வரை நிரப்ப வேண்டும். பாதி டியூப் போனால் உள்ளே இருக்கும் சிட்ரேட் அதிகமாகி விநாடி பொய்யாக ஏறும். எடுத்த ரத்தம் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சுழல வேண்டும். அட்டெண்டர் டீ குடித்துவிட்டு வந்து கொண்டுபோகட்டும் என்று விட்டால், பிளேட்லெட்டிலிருந்து வரும் புரதம் ஹெப்பாரினைச் செயலிழக்க வைத்து விநாடி பொய்யாகக் குறையும். அதை நம்பி டோஸை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ரிசல்ட் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மருத்துவமனை அட்டவணை இருக்க வேண்டும். 1993-இல் ராஷ்கேயும் குழுவும் வெளியிட்ட எடைக் கணக்கு அட்டவணையின் வாரிசுகள்தான் பெரும்பாலானவை. அதில் 46 முதல் 70 விநாடி வரை மாற்றம் வேண்டாம். 35 முதல் 45 என்றால் கிலோவுக்கு 40 யூனிட் ஒரு தடவை கொடுத்து, மணிக்கு கிலோவுக்கு 2 யூனிட் ஏற்ற வேண்டும். நம் ஆளுக்கு 2400 கொடுத்து, பம்பை 2.2-லிருந்து 2.4-க்கு. 90-க்கு மேல் என்றால் ஒரு மணி நேரம் நிறுத்தி, கிலோவுக்கு 3 யூனிட் குறைத்து 1.8-இல் மறுபடி தொடங்க வேண்டும். அந்த விநாடிகள் அவர்கள் லேபுக்கானவை. உங்கள் லேபுக்கு எத்தனை என்பதை லேபில் கேட்டுத்தான் அட்டவணையில் எழுத வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம்.

"ஒரு மணி நேரம் நிறுத்து" என்பதில் ஒரு குழி இருக்கிறது. ஐந்தரைக்கு நிறுத்துகிறோம், ஆறரைக்குத் தொடங்க வேண்டும். அதற்குள் ஹேண்ட் ஓவர் எழுதும் அவசரம், யூரின் பை காலி செய்தல், அடுத்த ஷிப்ட். நிறுத்தியவர் வீட்டுக்குப் போய்விடுவார். பம்ப் மௌனமாக நிற்கும். பம்பிலேயே அலாரம் வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டரில் 'மறுதொடக்கம் 6.30' என்று எழுதி பம்பின் முகத்தில் ஒட்டுங்கள். எங்கள் வார்டில் இதுதான் நடக்கிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

எதில் ஓட்டுவது

பம்ப் இல்லாத இடத்தில் மைக்ரோ டிரிப் செட்டில், சொட்டு எண்ணி ஓட்டலாமா? நான் மாட்டேன். 25,000 யூனிட்டை 500 மி.லி.யில் கலந்தால் நிமிடத்துக்கு 21, 22 சொட்டு என்று கணக்கு சரியாகவே வரும். ஆனால் நோயாளி கையை மடக்கினால் நிற்கும், நீட்டினால் ஓடும். ரோலரை யாரோ உறவினர், "டிரிப்ஸ் மெதுவா போகுது" என்று திறந்துவிட்டால் முடிந்தது. ஆறு மணிக்கொரு முறை 5000 யூனிட் நரம்பில் போடும் பழைய முறையும் அங்கங்கே இன்னும் இருக்கிறது. போட்டதும் உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்குள் இறங்கிவிடும். தொடர்ந்து ஓட்டுவதைவிட ரத்தக் கசிவு இதில் அதிகம் என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். பம்ப் இல்லையா, அல்லது ராத்திரியில் லேப் இல்லையா, அப்படியானால் அந்த வார்டுக்கு பம்ப் ஹெப்பாரின் கிடையாது. ஈனாக்ஸாபரின் கொடுங்கள், அல்லது வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். டாக்டரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லலாம்: "சார், ராத்திரி ஏ.பி.டி.டி. இங்கே பார்க்க முடியாது."

சிரிஞ்ச் பம்பிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. மணிக்கு 2.2 மி.லி. என்பது ரொம்ப மெதுவான ஓட்டம். எங்கேயாவது அடைத்தால் அலாரம் அடிக்கவே நேரம் ஆகும். பிறகு மடக்கை நிமிர்த்தினால், தேங்கி நின்ற அழுத்தம் ஒரே தள்ளாக உள்ளே போகும். அடைப்பு அலாரம் அடித்தால் முதலில் நோயாளி பக்கம் மூடி, அழுத்தத்தை வெளியே விட்டு, அப்புறம் ஓட்டுங்கள். அந்த லைனில் இருக்கும் த்ரீ வே இணைப்பு கடைசிவரை ஹெப்பாரினுக்கு மட்டுமே இருக்கட்டும். அமியோடரோன், வான்கோமைசின் போன்றவை ஹெப்பாரினோடு ஒரே லைனில் சேராது. ஹெப்பாரினுக்குத் தனி லைன் என்று பழக்கிக்கொண்டால் பாதித் தலைவலி இல்லை.

மாறும்போதுதான் தவறுகிறது

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம்தான் எனக்கு எப்போதும் பயம். கேசுவல்ட்டியிலிருந்து ஒருவரை ஐ.சி.யு.வுக்கு ஏற்றினார்கள். ஹெப்பாரின் ஆர்டர் இருந்தது, பம்ப் தயார், முதல் டோஸ் சிரிஞ்சும் கையில். சட்டையை விலக்கியபோது வயிற்றில் சின்னதாக ஒரு பஞ்சும் பிளாஸ்டரும். மனைவியிடம் கேட்டேன். "கீழேயே வயித்துல ஒரு ஊசி போட்டாங்களே சிஸ்டர், எட்டு மணி இருக்கும்." கேசுவல்ட்டி சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது, ஐ.சி.யு. சார்ட்டில் ஏறவில்லை. அப்போது மணி ஒன்பதரை. முழு அளவு ஈனாக்ஸாபரின் உள்ளே இருக்கும்போது 4800 யூனிட்டும் போயிருக்கும். டாக்டரைக் கூப்பிட்டோம். முதல் டோஸ் வேண்டாம், அடுத்த ஊசி நேரம் நெருங்கும்போது பம்பைத் தொடங்கலாம் என்று மாற்றினார். பம்பிலிருந்து ஊசிக்கு மாறுவது இதைவிடச் சுலபம். பம்பை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி.

இன்னொரு மாற்றம் நாமே கண்டுபிடிக்க வேண்டியது. ஹெப்பாரின் தொடங்கி ஐந்து முதல் பத்து நாளில் பிளேட்லெட் பாதிக்குக் கீழே விழுந்தால், ஹெப்பாரினே ரத்தத்தை உறைய வைக்கும் ஹிட் என்ற நிலையாக இருக்கலாம். முதல் நாள் எண்ணிக்கையும் இன்றைய எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் கண்ணில் படும். 2,80,000-இலிருந்து 1,30,000 வந்தால் லேப் சிவப்பு மையில் பெரிதாகக் காட்டாது, ஆனால் பாதிக்கு மேல் விழுந்திருக்கிறது. சந்தேகம் வலுத்தாலே எல்லா ஹெப்பாரினும் நிற்க வேண்டும், ஈனாக்ஸாபரின் உட்பட. இந்த ஆபத்து ஈனாக்ஸாபரினில் குறைவு, ஆனால் ஹிட் வந்த பிறகு அது மாற்று ஆகாது. அப்போது அர்கட்ரோபானோ பிவாலிருடினோ ஓட்டுவார்கள். அர்கட்ரோபான் கல்லீரல் வழி போகிறது, நிமிடத்துக்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், கல்லீரல் கெட்டிருந்தால் 0.5. ஆக, சிறுநீரகம் கெட்டவருக்கு அது வசதி. கல்லீரல் கெட்டவருக்கு, பாதி குறைய 25 நிமிடமே ஆகும் பிவாலிருடினைப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் முறிவு மருந்து கிடையாது. நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம்.

ஹிட் சந்தேகத்தில் பம்பை நிறுத்திவிட்டு, நரம்பில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் அடைக்காமல் இருக்கப் போடும் ஹெப்லாக்கை மறந்துவிடுகிறோம். அதுவும் ஹெப்பாரின்தான். 2007 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் நடிகர் டென்னிஸ் குவெய்டின் பிறந்து சில நாளே ஆன இரட்டைக் குழந்தைகளுக்கு லைன் கழுவும் மி.லி.க்கு 10 யூனிட் குப்பிக்குப் பதில் மி.லி.க்கு 10,000 யூனிட் குப்பி போனதும் இந்தக் கழுவும் வேலையில்தான். குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. அதற்கு முந்தைய வருடம் இண்டியானாபோலிஸில் அதே மாதிரித் தவறில் மூன்று குறைப்பிரசவக் குழந்தைகள் பிழைக்கவில்லை. கையில் போட்ட சாதாரண வென்ஃப்ளான் அடைக்காமல் இருக்க வெறும் என்.எஸ். தள்ளினாலே போதும் என்பது பல வருடமாகத் தெரிந்ததுதான். எங்கள் வார்டில் ஹெப்லாக் கலந்து வைக்கும் அந்த நீல டப்பாவில் இப்போது என்.எஸ். ஆம்பூல்கள்தான் இருக்கின்றன. 25,000 குப்பி ஐ.சி.யு. அலமாரியில், பூட்டுக்குள், தனித் தட்டில். மி.லி.க்கு 1000 குப்பியை ஃபார்மஸிக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்.